ஒருத்தரும் சாகேல்லை

அந்த அம்மா யாருக்குப் போன் செய்தாலும் வணக்கம் சொல்ல மாட்டார். சௌக்கியமா என்று கேட்க மாட்டார். எதிர்ப்பக்கம் எடுத்த சத்தம் கேட்டதும், "ஒருத்தரும் சாகேல்லை" என்பார். அதற்குப் பிறகுதான் தன் பேர், கடையின் பேர், சொல்ல வந்த சங்கதி எல்லாம். வெள்ளைக்காரர்களாக இருந்தால் அதையே இங்கிலீஷில் சொல்வார். "நோபடி டைட், யுவர் பிக்சர் ரெடி." கேட்கிறவர்கள் அந்தப் பக்கம் முழிப்பார்கள் போல. முழிக்கிறதுக்குக் கொஞ்சம் நேரம் விட்டு, பிறகு மேலே பேசுவார்.

நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில், ரூட் 46 ஓரத்தில், லாண்டரிக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் அவருடைய கடை இருந்தது. படத்துக்குச் சட்டம் போடுகிற கடை. யாழ்ப்பாணத்துக்காரர். கிறிஸ்தவர். கழுத்தில் மெல்லிசு சங்கிலியில் ஒரு சிலுவை தொங்கும். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். ஆனாலும் முதலாளி இல்லையா, நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்பார்.

"நான் அக்கா எண்டுறன், நீங்கள் அம்மா எண்டுறியள். ஆர் பெரியவ எண்டு பாக்கிறவைக்குக் குழம்பப் போகுது" என்று சிரிப்பார்.

நான் அந்தக் கடைக்கு வேலைக்குப் போனதும் அவருடைய அந்த வாயால்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு மகள் என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவருடைய போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட அங்கே போனோம். மகள் அளவு, நிறமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா போட்டோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவர் இருக்கிறாரோ, இல்லையோ?"

மகளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "ஆன்ட்டி, அது வந்து... அப்பா..."

"இல்லையெண்டால் மேல ரெண்டு கொக்கி வைக்கவேணும், மாலை போட. இருக்கிறாரெண்டால் வைக்கக் கூடாது. அதுதான் கேட்டனான்."

அத்தனை மாதத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தவறிட்டார், நம்மை விட்டுப் போயிட்டார், சாமிகிட்ட சேர்ந்துட்டார் என்று என்னைச் சுற்றி எல்லாரும் மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளி ஆட்களிடம் வாய் திறக்கிறவள் இல்லை. கடைக்காரரிடம் மிச்சச் சில்லறை கேட்கக்கூட எனக்கு நாக்கு எழும்பாது. அன்றைக்கு நானே சொன்னேன்.

"இல்லைங்க. செத்துட்டாரு. ஆடி மாசம்."



"அப்ப கொக்கி வைப்பம்" என்று அந்த அம்மா சீட்டில் எழுதிக்கொண்டார்.

படத்தைத் திருப்பி வாங்கப் போன அன்று, சும்மா நிற்கக் கை வராமல் மேசையில் கிடந்த ஒரு கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். மகளிடம் திரும்பினார்.

"உங்கட அம்மா வீட்டில தனிய இருந்து என்ன செய்யிறா? இஞ்ச விடுங்கோ. சம்பளம் பெரிசா ஒண்டும் இல்லை. நாள் முழுக்க நிக்கவேணும். கண்ணாடி கையை வெட்டும்."

மகள் என் கையைப் பார்த்தாள்.

"இது கெட்டது. நல்லதையும் சொல்லுறன்." என்னைப் பார்த்தார். "ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை."

அதைக் கேட்டுத்தான் நான் தலையை ஆட்டினேன். மறு வாரத்திலிருந்து மகள் ஆபீஸ் போகிற வழியில் என்னை அங்கே இறக்கிவிட்டுப் போனாள். நான் கண்ணாடி துடைத்தேன், பின்னட்டை ஒட்டினேன். பேசுகிறதெல்லாம் அவர்.

அவர் பேசுகிறதைக் கேட்டுச் சில பேர் படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு பிள்ளையும் அவள் புருஷனும் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். ஜன்னலுக்கு எதிரே என்றார்கள்.

"அப்ப வெயில் குடிச்சுப் போடும். முதல் போறது சிவப்பு. கூறைச் சீலை போகும். பொட்டும் போகும்."

அந்தப் பையனுக்கு வந்ததே கோபம். "ஆன்ட்டி, மேரேஜ் ஆகி இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. இவ பொட்டு போகும்னு சொல்றீங்க!"

"படத்தில இருக்கிற பொட்டைச் சொன்னனான் தம்பி. அவவின்ர பொட்டுக்கு ஒண்டும் ஆகாது. உள்சுவரில மாட்டுங்கோ. ரெண்டு பேரும் கிழடாகிற வரைக்கும் நிறம் நிக்கும்."

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவன்தான் கடைசிவரை முறைத்துக்கொண்டு நின்றான். ஆனால் அடுத்த வருஷம் குழந்தை போட்டோவை அங்கேதான் கொண்டுவந்தார்கள். கதவைத் திறக்கும்போதே, "ஆன்ட்டி, உள்சுவர்லதான் மாட்டப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

எங்கள் வீட்டில் அவருடைய போன் பெரிய பிரச்சினையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாளைக்குக் கடை உண்டா இல்லையா என்று சொல்ல அவர் கூப்பிடுவார். என் மருமகன் தங்கமான பையன். மாமியார் வீட்டோடு இருப்பதை ஒரு நாளும் முகத்தில் காட்டினதில்லை. அவனே ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அத்தை, அந்த ஆன்ட்டி நல்லவங்கதான். ஆனா விளக்கு ஏத்துற நேரத்துல போன் பண்ணி, எடுத்த எடுப்புல சாவுங்கிறாங்க. ஹலோன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்களேன்."

நான் போய்ச் சொல்வேனா? ஆனால் அந்தப் பேச்சு மனசில் இருந்ததால், ஒரு நாள் மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போது எங்கள் ஊர்ப் பழக்கத்தை அவரிடம் சொன்னேன். நான் அவரிடம் நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை.

எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் ஒருத்தர் செத்தால், செத்தார் என்று தந்தி அடிக்க மாட்டார்கள். சீரியஸ், உடனே கிளம்பு என்று அடிப்பார்கள். வாங்குகிறவர்களுக்கு அர்த்தம் தெரியும். அழுதுகொண்டே பஸ் ஏறுவார்கள். ஒரு தடவை என் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, மெய்யாகவே சீரியஸ் என்று தந்தி வந்துவிட்டது. நாங்கள் வழியில் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போனோம். தெருமுனையில் இறங்கினதுமே அத்தை தலையை அவிழ்த்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். உள்ளே போய்ப் பார்த்தால், சித்தப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். எங்களைப் பார்த்தார். என் அண்ணன் கையில் இருந்த மாலையைப் பார்த்தார். "யாருக்குடா?" என்று கேட்டார். அதற்கப்புறம் ரொம்ப வருஷம் நன்றாக இருந்தார். எங்களோடு மட்டும் பேசவில்லை.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையெல்லாம் சிந்தியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கதையைச் சொன்னார்.

"நான் இஞ்ச வந்த புதுசு. எங்கட ஊர்ப் பக்கம் குண்டு விழுந்தது எண்டு கேள்விப்பட்டுப் பதகளிச்சுக்கொண்டு இருக்கிறன். போன் அடிக்குது. கொழும்பில இருந்து மாமா. மனுசன் பதமாச் சொல்லவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு, சுகமோ பிள்ளை, அங்க குளிரோ, சாப்பிட்டனியோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறார். நான் ஓம் ஓம் எண்டுறன். பிறகு, 'பிள்ளை, மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேள்' எண்டார். லைன் கட்டாப் போச்சு."

"ஐயோ."

"திரும்ப லைன் கிடைக்கேல்லை. நான் முதல் அம்மாவைச் சாகக் குடுத்தன். அழுது முடிச்சன். பிறகு, இல்லை, தம்பியாத்தான் இருக்கும் எண்டு அவனைச் சாகக் குடுத்தன். பேந்து பெரியக்காவை. மறுநாள் பின்னேரம் மாமா திரும்பப் போன் எடுக்கிறதுக்குள்ள எங்கட வீட்டில ஒருத்தரும் மிச்சம் இல்லை."

"யாரும்மா போனது?"

"ஒருத்தரும் போகேல்லை அக்கா. வீட்டுக் கூரை போயிட்டுது. மாட்டுக்கொட்டில் போயிட்டுது. ஆக்கள் எல்லாரும் கோயிலடியில இருந்திருக்கினம், ஒரு கீறல் இல்லை. அந்த ஒரு சொல்லை முதல் சொல்ல மனுசனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" சிந்தின தேத்தண்ணியைத் துணியால் துடைத்தார். "கூரைக்கு அழலாம். அது பரவாயில்லை. கூரைக்கு அழுறதெண்டு தெரிஞ்சு அழவேணும்."

மருமகன் சொன்னதை நான் கடைசிவரைக்கும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கடை வாசலில் பனியில் சறுக்கி விழுந்தேன். மகள் ஆபீஸுக்கு அவர் போன் செய்தது எனக்குக் கேட்டது. "ஒருத்தரும் சாகேல்லை. அம்மா விழுந்திட்டா. கை வீங்கியிருக்கு, முறிஞ்சிருக்கலாம். இப்ப கதிரையில சாய்ஞ்சிருந்து தேத்தண்ணி குடிக்கிறா." கை முறியவில்லை, பிசகினதுதான். டாக்டரிடம் போய்விட்டு வருகிறபோது காரில் மகள் சொன்னாள், "ஆபீஸ்ல போன் வந்தா எனக்குக் கை நடுங்கும்மா, அப்பா விஷயத்துலேர்ந்து. இன்னைக்கு நடுங்கவே இல்ல." பின்னால் உட்கார்ந்திருந்த மருமகன் எட்டி அவள் தோளில் கை வைத்தான்.

கட்டு அவிழ்த்து நான் திரும்ப வேலைக்குப் போன வாரத்தில்தான் அந்தத் துருக்கிக்காரர் வந்தார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், வெள்ளை மீசை, எப்போதும் கோட்டு. ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி, சட்டம் போட்ட ஆறு படங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவரும் அந்த அம்மாவும் இங்கிலீஷில் பேசினதை, அந்த அம்மா எனக்குச் சொன்னபடிதான் எழுதுகிறேன்.

ஆறும் தண்ணீர்க் கலரில் தீட்டின படங்கள். பழைய காலத்தில் அவர்கள் நாட்டு சுல்தானின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர்களுடையவை. ஒவ்வொரு படத்திலும் ஓர் ஆள், தனியாக நிற்கிறார். பின்னால் சுவர் இல்லை, கீழே தரை இல்லை. ஆளுக்கொரு தொப்பி. தொப்பியைப் பார்த்தாலே உத்தியோகம் தெரிந்துவிடுமாம். ஒருவர் சுல்தானின் தலைப்பாகைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஒருவர் காபிக்கு அதிகாரி. ஒருவர் சாவிகளுக்கு. இன்னொருவர் தோளில் பூப்போட்ட துண்டோடு நின்றார்.

"துண்டு பிடிக்கவா ஒரு ஆளு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓம். அவருக்குக் கீழ வேற ஆக்களும் இருந்திருப்பினம்" என்றார் அந்த அம்மா.

அந்தப் படங்களில் ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. முகம் மட்டும் உயிரோடு இருந்தது. கன்னத்தில் நிழல், கண்ணில் ஈரம், மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சுருக்கம். ஆனால் கழுத்துக்குக் கீழே உடுப்பு காகிதத்தில் வெட்டி ஒட்டினது போல மடிப்பே இல்லாமல் இருந்தது. துணியில் உள்ள பூக்கள் கை மடங்குகிற இடத்திலும் மடங்காமல் நேராக ஓடின. செருப்பு இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன.

"முகம் வெள்ளைக்காரர் கீறின மாதிரி, உடுப்பு அந்த ஊர் ஆக்கள் கீறின மாதிரி" என்றார் அந்த அம்மா. அதை டாக்டரிடமும் கேட்டார். ஒரே ஆள்தான் தீட்டினது என்றார் அவர். ஊருக்கு வந்த ஐரோப்பியர்கள் திரும்பிப் போகும்போது வாங்கிக்கொண்டு போவதற்காக, உள்ளூர்க்காரர் ஒருவர், அவர்கள் முறையில் முகமும் தன் முறையில் உடுப்புமாகத் தீட்டியிருக்கிறார். அதில் ஆறு மட்டும் எப்படியோ டாக்டரின் தாத்தா வீட்டில் தங்கிவிட்டது.

ஆறாவது படத்தை அவர் கடைசிவரை விரிப்பிலேயே வைத்திருந்தார். பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். சிவப்பு அங்கி போட்ட ஆள், உயரமான குல்லா. ஒரு கை இடுப்பில். இன்னொரு கையின் விரல்கள் பாதி விரிந்து, இப்போதுதான் ஏதோ சொல்லப் போகிறது போல இருந்தன.

"இவர் ஊமை" என்று அந்த அம்மா எனக்குச் சொன்னார். "சுல்தானுக்கு முன்னால ஒருத்தரும் சத்தம் போடக் கூடாதாம். அதால ஊமை ஆக்களை விரும்பி வேலைக்கு எடுத்து வைச்சிருந்தவை. எல்லாம் கையாலதான் கதை. பெரிய அதிகாரிமாரெல்லாம் இவையிட்டப் போய்க் கைப்பாசை படிச்சவையாம்." என்னை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, நீங்கள் பிந்திப் பிறந்திட்டியள். அங்க உங்களுக்குப் பெரிய உத்தியோகம் கிடைச்சிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற ஐந்து படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விட்டிருந்தார்கள். இதற்கு விடவில்லை. டாக்டர் இதை மட்டும் ஏதோ ஒரு கடையில் வாங்கின சட்டத்தில் தானே போட்டு, சமையலறையில், கெட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறார். தினமும் தேத்தண்ணி போடும்போது பார்க்கலாமே என்று. வருஷக்கணக்கில் ஆவி ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"முதல் கெட்டதைச் சொல்லுறன் டொக்டர்" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "முகத்தில நிழலுக்குக் கோந்து கலந்து பூசியிருக்கு. உடுப்பில கோந்து இல்லை, அது விட்டிடும். முகம் விடாது. இழுத்தால் முகம் கண்ணாடியோட போகும். இப்பிடியே விட்டால் பூஞ்சணம் பிடிச்சு எல்லாம் போகும்."

டாக்டர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படம் அவருடையதே இல்லை. இஸ்தான்புல்லில் இருக்கிற அக்காவுடையது. சின்ன வயசில் அந்த அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரோடும் பேச மாட்டாளாம். அந்த ஊமையோடு மட்டும் கையாலே ஏதோ பேசிக்கொண்டு சாப்பிடுவாளாம். டாக்டர் படிக்க அமெரிக்கா கிளம்பினபோது, ஆறையும் கொண்டுபோ, உனக்கு வீட்டு ஞாபகம் இருக்கட்டும், ஆனால் இவர் என்னுடையவர், ஒரு நாள் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இப்போது அக்காவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. முதல் தடவையாக விமானம் ஏறி வருகிறாள். அந்தப் படத்தைக் கூட்டிக்கொண்டு போக.

"அவவுக்குச் சொன்னீங்களோ?"

"படம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்."

"வேலை செய்த காலம் முழுக்க நோகாது நோகாது எண்டு சொல்லிப் பல்லுப் பிடுங்கின ஆளெல்லோ நீங்கள்" என்றார் அந்த அம்மா. அந்தக் குரலைக் கேட்டே டாக்டர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம், எல்லாருக்கும் நொந்தது" என்றார்.

ஈரத்தால் ஒட்டினது காய்ந்துதான் விட வேண்டும், அவசரப்படக் கூடாது என்று அந்த அம்மா அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, கண்ணாடியோடு அப்படியே மேல் தட்டில், ஹீட்டர் காற்று நேரே படாத இடத்தில் வைத்தார். அந்தக் குளிர்காலக் காற்று எங்கள் உதட்டையெல்லாம் வெடிக்கவைத்தது. அந்தக் காற்றைத்தான் அவர் நம்பியிருந்தார். தினமும் காலையில் என்னைக் கூப்பிடுவார். "அக்கா, உங்கட கண்ணுக்குத்தான் கண்ணாடி தெரியும். பாருங்கோ." சாய்த்துப் பார்த்தால், ஒட்டியிருக்கிற இடம் ஈரத்துணி போலக் கறுப்பாகத் தெரியும். விட்ட இடம் வெளிறித் தெரியும். முதலில் அங்கியின் ஓரம் விட்டது. பிறகு செருப்பு. பிறகு அந்தப் பேசுகிற கை. பிறகு குல்லா. கடைசியில் முகம் மட்டும் கறுப்பாக நின்றது.

டாக்டர் வாரா வாரம் வந்து மேல் தட்டைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு தடவை பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற நூல் நாலு டப்பா கொண்டுவந்து வைத்தார். மெழுகு பூசாத நூல். இது உதவுமா என்று கேட்டார். அந்த அம்மா நூலை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "உதவும். ஆனா நோகும்" என்றார்.

டாக்டரின் அக்கா வந்து இறங்குகிறதுக்கு முந்தின வாரக் கடைசி வரைக்கும் அந்த அம்மா அதைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், "இனிக் காய ஏலாது. இண்டைக்குப் பாப்பம்" என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்கு யாரும் வரவில்லை. டாக்டருக்குப் போன் செய்து, "நோபடி டைட். இன்றைக்குத் திறக்கிறேன். நீங்கள் வர வேண்டாம், போனுக்குப் பக்கத்தில் இருங்கள்" என்றார். தன்னால் அதைப் பார்க்க முடியாது என்று டாக்டரே முன்பு சொல்லியிருந்தார்.

நூலின் ஒரு முனையை அந்த அம்மா பிடித்துக்கொண்டார். மறு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிடித்தேன்.

"முதலே சொல்லிப்போட்டன் அக்கா. முகம் போகலாம். போனால் அது என்ர கையால போனது, உங்கட கையால இல்லை. விளங்குதே?"

"விளங்குதும்மா."

குல்லாவுக்கு மேலே நூலை விட்டு, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக, அரிசியில் கல் பார்க்கிற மெதுவில் இழுத்தோம். நெற்றி வரைக்கும் தடையில்லாமல் வந்தது. கண்ணுக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டது. அவர் மூச்சை அடக்கினார். நானும் அடக்கினேன். அந்த ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு முகம் போய்விட்டால் அந்தக் கிழவி யாரோடு பேசுவாள் என்று எனக்குத் தோன்றினது. அந்த அம்மா சொன்னபோது இழுத்தேன், சொன்னபோது நிறுத்தினேன். எவ்வளவு நேரம் போனதோ. காய்ந்த அப்பளம் உடைகிறது போல டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் கண்ணாடியை மெல்லத் தூக்கினார்.

முகம் காகிதத்தில்தான் இருந்தது. கண், மூக்கு, மீசை, எல்லாம்.

காகிதம் சுருளப் பார்த்தது. அவர் இரண்டு உள்ளங்கையையும் ஓரங்களில் வைத்து அழுத்திக்கொண்டார். கையை எடுக்க முடியாது.

"அக்கா, டொக்டருக்குப் போன் எடுங்கோ. மனுசன் காத்துக்கொண்டிருக்கு."

"நானா? எனக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா."

"ரெண்டு சொல்லுத்தானே. ஒவ்வொரு நாளும் கேக்கிறியள்."

படத்தோடு கட்டியிருந்த சீட்டில் நம்பர் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினேன். ஒரு மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். "எஸ்? எஸ்?" என்றார். என் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. "ஹலோ? எஸ்?" என்று மறுபடி கேட்டார். அந்தக் குரல் நடுங்கினதைக் கேட்டதும், தந்தி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினவர்களின் ஞாபகம் வந்தது எனக்கு.

"நோபடி டைட்" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நோபடி?" என்று கேட்டார்.

"நோபடி" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அந்த அம்மா கையை எடுக்காமலே சிரித்துக்கொண்டிருந்தார். "வடிவாச் சொன்னியள். கெட்டதையும் சொல்லியிருக்கலாம்."

"என்னம்மா கெட்டது?"

கண்ணாடியைக் கண்ணால் காட்டினார். காதுக்குக் கீழே இருந்த நிழலில் ஒரு நகத்துண்டு அளவு பழுப்பு நிறம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

"அதுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா."

"அப்ப அதை நான் சொல்லுறன்."

அந்த அக்கா வந்து இறங்கியதும் டாக்டர் அவரை நேரே கடைக்குத்தான் கூட்டிவந்தார். குச்சி போல ஒல்லியான கிழவி, தலையில் பூப்போட்ட துணி. அந்த அம்மா படத்தைக் காட்டவில்லை. முதலில் கண்ணாடியைக் காட்டினார், அந்தப் பழுப்புக் கறையோடு. இது போயிற்று என்றார். டாக்டர் முகம் சிவந்துபோய் அதை அவர்கள் பாஷையில் சொன்னார். கிழவி கறையை உற்றுப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். பிறகுதான் படம் வந்தது. கிழவி கைப்பையைக் கீழே வைத்தார். படத்துக்கு முன்னால் நின்று, வாயைத் திறக்காமல், விரல்களை மடக்கி நீட்டி ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். எங்களில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் கிழவி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னார். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"காதுக்குக் கீழே சவரம் செய்துகொண்டுவிட்டார், நல்லதுதான் என்கிறாள்."

அந்த வருஷமே ஒரு பனிநாளில் என் மருமகனின் கார் ரோட்டில் நின்றுவிட்டது. நேரமாகியும் ஆளைக் காணோம் என்று நானும் மகளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். "அத்தை, யாரும் சாகல. காருதான் செத்துப்போச்சு" என்றான். நான் மகளைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தாள்.

2001 தொடக்கத்தில் அந்த அம்மா கடையைக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குத் தம்பியிடம் போய்விட்டார். விடைபெறும்போதும் கெட்டதைத்தான் முதலில் சொன்னார். "நான் திரும்பி வரமாட்டன் அக்கா. கடிதம் எழுதுற பழக்கமும் எனக்கில்லை." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "உங்களுக்குப் போன் எடுப்பன்" என்றார்.

அவர் போய் ஒரு மாதம் இருக்கும். வெள்ளிக்கிழமை, விளக்கு ஏற்றுகிற நேரம். போன் அடித்தது. மருமகன் எடுத்துக் காதில் வைத்தான், சிரித்தான், என்னிடம் நீட்டினான்.

"ஒருத்தரும் சாகேல்லை" என்றது குரல்.

"சரிம்மா" என்றேன். மேலே சங்கதி வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. "என்னம்மா விஷயம்?" என்று நானே கேட்டேன்.

"விசயம் ஒண்டும் இல்லை அக்கா" என்றார். "அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."